ரூ.800 தள்ளுபடிக்கு உங்கள் பயணம் முழுவதையும் கொடுக்கலாமா?

கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில், பிரீமியம் தொகையோடு இப்போது இன்னொரு அழைப்பும் சேர்ந்து வருகிறது. ‘எங்க ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க, நல்லா ஓட்டினா தள்ளுபடி!’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் பகுதியில், ஷூ கம்பெனி வேலையை நம்பி இ.எம்.ஐ-யில் முதல் கார் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒவ்வொரு நூறு ரூபாயும் கணக்குதான். ஆனால், அந்தத் தள்ளுபடிக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இது என்ன திட்டம்?

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ, வாகனக் காப்பீட்டில் சில புதிய வசதிகளை அனுமதித்தது. அவற்றில் ஒன்று, ‘எவ்வளவு ஓட்டுகிறீர்களோ அவ்வளவு கட்டுங்கள்’. இன்னொன்று, ‘எப்படி ஓட்டுகிறீர்களோ அதற்கேற்பக் கட்டுங்கள்’.

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால், தனியுரிமை என்று வரும்போது இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதற்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரிந்தால் போதும். ஓடோமீட்டரைப் படம் எடுத்து அனுப்பினாலே வேலை முடிந்தது. இரண்டாவதற்கு, காரில் பொருத்தும் கருவியோ மொபைல் செயலியோ உங்கள் ஓட்டத்தைக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

வேகம், திடீர் பிரேக், வளைவில் திரும்பும் விதம், ஓட்டும்போது போனைத் தொட்டது, பயணம் செய்த நேரம் எனப் பலவற்றை போனில் உள்ள சென்சார்களும் ஜி.பி.எஸ்ஸும் சொல்லிவிடும். அவற்றையெல்லாம் சேர்த்து உங்களுக்கு ஒரு மதிப்பெண் போடுவார்கள்.

தள்ளுபடி எவ்வளவு? மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான கட்டணம் அரசு நிர்ணயிப்பது, சட்டப்படி கட்டாயம். அதில் கை வைக்க முடியாது. நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தில்தான் குறைப்பார்கள். அது ரூ.8,000 என்றும், தள்ளுபடி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ரூ.800. ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய் சொச்சம்!

நம்ம ஊர் ரோடு அதற்குத் தெரியுமா?

இந்தத் திட்டத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. நிதானமாக ஓட்டுகிறவர், கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவருக்கும் சேர்த்து ஏன் கட்ட வேண்டும்? நல்ல கேள்விதான். ஆனால், ‘நிதானம்’ என்பதை அளக்கிற முறையில் கோளாறு இருக்கிறது.

ஆம்பூரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி பஸ்களும், ஷேர் ஆட்டோக்களும், எதிர்த்திசையில் வரும் பைக்குகளும் ஒன்றாகக் கலக்கும். சாலையைக் கடக்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்ற நீங்கள் சட்டென்று பிரேக் அடித்தால், சென்சாருக்குத் தெரிவது திடீர் பிரேக் மட்டும்தான். அந்தப் பெண் தெரியமாட்டார். சாம்பிள் அனுப்ப இரவோடு இரவாகச் சென்னை விமான நிலையத்துக்கு ஓடுகிறவருக்கு அது வேலை. இரவுப் பயணத்தை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் கணக்கிலோ அது ஒரு மைனஸ்.

இங்கே தோலைத் தரம் பிரிக்கிறவர் ஒரு தோலைக் கழித்துப் போட்டால், தழும்பு எங்கே, ஓட்டை எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காரணம் சொல்லாமல் ரிஜெக்ட் பண்ணினால் யாரும் ஏற்க மாட்டார்கள். நம் ஓட்டத்துக்கு விழும் மதிப்பெண்ணுக்கும் அதே காரணத்தைக் கேட்பது தப்பா?

எங்கே போனீர்கள் என்பதுதான் விஷயம்

மதிப்பெண்ணை விடப் பெரிய பிரச்சினை இருப்பிடத் தகவல். மாதக்கணக்கில் உங்கள் வண்டி நின்ற இடங்களை வரிசையாக வைத்தால், அது உங்கள் வாழ்க்கைக் குறிப்பு. வாரம் தவறாமல் எந்த மருத்துவமனைக்குப் போகிறீர்கள், எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறீர்கள், தொழிற்சங்கக் கூட்டத்தில் இருந்தீர்களா, லீவு போட்டுவிட்டு வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனீர்களா... எல்லாம் தெரியும். ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்கும் சின்ன ஊரில், ஒரே தொழிலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

‘கம்பெனி அதையெல்லாம் யாருக்கும் கொடுக்காது’ என்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சியாட்டில் அருகே வசிக்கும் ஒருவரின் கார் இன்ஷூரன்ஸ் திடீரென 21 சதவீதம் ஏறியது. காரணம் தேடிப் போனவருக்கு, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் நிறுவனத்திடமிருந்து 258 பக்க அறிக்கை வந்தது. ஆறு மாதங்களில் அவரும் மனைவியும் காரில் போன 640 பயணங்களின் விவரம் அதில் இருந்தது. கொடுத்தது, கார் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சில நேரங்களில் 3 விநாடிக்கு ஒருமுறைகூட இருப்பிடத்தைப் பதிவு செய்தது என்று அந்நாட்டு வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. இத்தகைய தகவலைக் கடன், காப்பீட்டு மதிப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க 5 ஆண்டுத் தடை விதிக்கும் நடவடிக்கையை 2025 ஜனவரியில் அறிவித்தது.

விற்காவிட்டாலும் திருடு போகலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, 2024 செப்டம்பரில் டெலிகிராமில் கசிந்தன. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொன்னார். நிறுவனம் நீதிமன்றம் போனது உண்மை. ஆனால், வெளியே போன தகவலைத் திரும்ப அள்ளி எடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. சேகரிக்காத தகவல் மட்டுமே கசியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே வாங்க வேண்டும்; ஒப்புதலைக் கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெற முடிய வேண்டும்; அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது அது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் ரூ.250 கோடி வரை அபராதம்.

ஆனால், விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளை நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் தரப்பட்டது. ‘எனக்கு ஏன் இந்த மதிப்பெண்?’ என்று கேட்கும் தனி உரிமையும் இந்தச் சட்டத்தில் இல்லை. அந்த இடைவெளியை ஐ.ஆர்.டி.ஏ.ஐ-தான் அடைக்க வேண்டும். மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்வதையும், அதை எதிர்த்து முறையிடும் வழியையும், மதிப்பெண் போட்டதும் இருப்பிடத் தகவலை அழிப்பதையும் கட்டாயமாக்கலாம்.

அப்போ என்ன செய்யலாம்?

நன்றாக ஓட்டுகிறவருக்குப் பரிசு தர, பின்தொடராத ஒரு வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. ஓராண்டு கிளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், தொடர்ந்து ஐந்தாண்டு என்றால் 50 சதவீதம் வரை ‘நோ கிளெய்ம் போனஸ்’. அதை வாங்க நீங்கள் எங்கே போனீர்கள் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வண்டியைக் குறைவாக எடுக்கிறவர்கள் கிலோமீட்டர் கணக்குத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

அதையும் தாண்டிச் செயலி வேண்டும் என்றால், பட்டனை அழுத்தும் முன் ஏஜென்ட்டிடம் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இருப்பிடத்தை எப்போதுமே பார்க்குமா, ஓட்டும்போது மட்டுமா?
2. இந்தத் தகவல் வேறு யாருக்குப் போகும்?
3. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?
4. மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறுமா?

பதிலை வாய்ச்சொல்லாக வேண்டாம், மெயிலில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற நிறுவனத்திடம் தள்ளுபடியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போவது நாளுக்கு இரண்டு ரூபாய்தான்.