பாதை பழையது; உரிமை எழுத்தில் உள்ளதா?



ஈப்போவைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரங்கள் போனாலும் சில இடங்களில் ஒற்றையடிப் பாதைகள் எஞ்சியுள்ளன. அவ்வழியே தமிழ்ப்பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளைக் கண்டு புதிய வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கின்றனர், வேலியும் எழுகிறது. திருட்டுக்கு அஞ்சும் அவர்களைப் பழித்துப் பயனில்லை. ஆயினும், பாதை அடைபட்டால் நம் பிள்ளைகள் லாரிகள் விரையும் சாலையோரமாக அல்லவா சுற்றிச் செல்ல வேண்டும்?

‘பாட்டன் காலத்துப் பாதை’ என்னும் வாதம் இந்நாட்டில் செல்லாது. இங்கிலாந்தின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையுடன் நடந்த பாதை பொதுவழியாகக் கருதப்படலாம். நமது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டமோ, நீண்டகாலப் பயன்பாடு ஒன்றினாலேயே வழியுரிமை பிறப்பதை ஏற்பதில்லை. எனினும், அச்சட்டத்தின் 28ஆம் பகுதி, பொதுச் சாலையை அடைவதற்கான பொதுவழியை உருவாக்கும் அதிகாரத்தை நில நிர்வாகிக்கு வழங்குகிறது.

ஆகவே, வாய்ச்சண்டை வேண்டா. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பாதையைப் படமெடுத்து, நடந்துவரும் மாணவர் எண்ணிக்கையைக் குறித்து, மாவட்ட நில அலுவலகத்தில் எழுத்துமூலம் விண்ணப்பிக்கட்டும். குடியிருப்பாளர் சங்கத்தாரையும் அழைத்துப் பேசட்டும். பள்ளி நேரத்தில் மட்டும் திறக்கும் ஒரு சிறு கதவு இரு தரப்பாரின் கவலையையும் தீர்க்கக்கூடும். இவையனைத்தும் வேலி எழுவதற்கு முன்பே நடைபெற வேண்டும்.