தாயும் சேயும் ஒரே வகுப்பில்



சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கணக்கில் சுட்டி, எழுத்தில் மட்டும் பின்தங்கியிருந்தாள். "பிள்ளையை வீட்டில் நாள்தோறும் படிக்க வைக்கவும்" என்று அவளுடைய டைரியில் சிவப்பு மையால் எழுதி அனுப்பினேன். கையெழுத்தில்லாமலே டைரி திரும்பி வந்தது. மறுவாரம் அதையே அடிக்கோடிட்டு எழுதினேன். மூன்றாம் முறை, "தாங்கள் நேரில் வரவும்" என்றேன். எவரும் வரவில்லை. பொறுப்பில்லாத பெற்றோர் என்று ஆசிரியர் அறையில் நான் குறைபட்டுக்கொண்டதும் உண்டு.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அந்தத் தாய் வந்தார். வேலை செய்யும் வீட்டில் அரை நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டொருவர் சிரித்தனர். சிறுமி சட்டென்று அதைப் பறித்து, நேராக வைத்து, "இங்கதாம்மா" என்று விரலால் இடம் காட்டினாள். நான் மைப்பெட்டியை மேசைக்குள் தேடினேன். தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று: படிக்கத் தெரியாத ஒருவருக்கு நான் மூன்று முறை கடிதம் எழுதியிருக்கிறேன்!

இதை ஆண்டு மலரில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தவறு என் ஒருத்தியுடையது மட்டும் அன்று. பிள்ளையின் கல்வி ஒரு வேலை, தாயின் கல்வி வேறொரு வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்துப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 73 பேர். எஞ்சிய 27 பேரில் தாய்மாரும் உண்டு. தாய் வேலைக்குப் போன பின் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமாரும் உண்டு. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கே வந்தது. தொடங்கியபோது அது ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான திட்டமாக இருந்தது. முதியோருக்கோ புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று தனியாக ஒன்று. இரண்டும் நல்லவையே. ஆனால் ஒரே வீட்டிலிருந்து புறப்படும் இருவர் ஏன் இரண்டு வாசலில் நுழைய வேண்டும்?

1991இல் நான் கல்லூரி மாணவி. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் அப்போது மும்முரமாக நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியர். ஊதியமில்லாத் தொண்டர்களாக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தோம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். அதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. என் வகுப்பு இரவில், சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு, ஒரு திண்ணையில் நடக்கும். பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். விட்டுவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? "பிள்ளைகளைக் கொண்டுவராதீர்கள், பாடம் கெடுகிறது" என்று முதல் வாரம் கண்டித்தேன். அடுத்த நாள் பாதிப் பேர் வரவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதம் போயிற்று. தாய் சிலேட்டில் 'ப' போடத் தடுமாறிக்கொண்டிருக்க, நாலு வயதுப் பையன் திண்ணையோரத்து மண்ணில் அதை விரலால் போட்டுவிட்டுத் தாயைப் பார்த்துச் சிரித்தான். தாய்க்கு வந்த ரோசத்தைப் பார்க்கவேண்டுமே! அன்றிரவே அவரும் போட்டுவிட்டார். கெடுகிறது என்று நான் நினைத்ததுதான் பாடமாக இருந்திருக்கிறது.

அப்போது நான் தற்செயலாகக் கண்டதை, துருக்கி நாட்டில் அதற்கு முன்பே திட்டமிட்டுச் செய்திருந்தார்கள். 1982இல் இஸ்தான்புல் நகரில் பேராசிரியை சிடெம் காயிட்சிபாஷியும் அவருடைய துணைவர்களும் ஏழைக் குடும்பத்துத் தாய்மாரிடம் இதைத் தொடங்கினார்கள். கிராமங்களிலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த, பள்ளிப்படிப்பு குறைந்த பெண்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு மூன்று அல்லது ஐந்து வயது. தாயும் பிள்ளையும் வீட்டில் சேர்ந்து செய்வதற்குப் பயிற்சித் தாள்களும் கதைப் புத்தகங்களும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தாய்மார் ஒன்றுகூடிப் பேசினார்கள். பிள்ளை வளர்ப்பு மட்டுமன்றித் தங்கள் உடல்நலம், மனக்குறை எல்லாவற்றையும் பேசினார்கள். பயிற்சி முடிந்து ஆறேழு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 86 பேர் பள்ளியில் இருந்தனர்; மற்றப் பிள்ளைகளில் 67 பேரே இருந்தனர். அந்நாட்டில் அப்போது கட்டாயக் கல்வி ஐந்தாண்டுதான். அதற்குமேல் படிக்கவைப்பதும் நிறுத்துவதும் வீட்டார் முடிவு. எண்ணிப் பாருங்கள்.

எல்லா நாட்டிலும் இப்படியே பலித்தது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1988இல் சட்டமியற்றி இத்தகைய குடும்ப எழுத்தறிவுத் திட்டத்தை நாடெங்கும் நடத்தினார்கள். 2003இல் வெளியான மதிப்பீட்டில், திட்டத்தில் சேர்ந்த குடும்பங்கள் சேராதவற்றைவிட அதிகம் முன்னேறவில்லை என்று தெரிந்தது. சேர்ந்தவர்கள் வகுப்புக்கு வந்த நேரமும் குறைவு. 2011இல் அதற்கு நிதி நின்றுபோயிற்று. வகுப்புத் திறந்தால் போதாது. வேலை செய்யும் பெண்ணால் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய தூரத்தில் திறக்கவேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய் எழுத்துக் கற்பது பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேருந்துப் பலகையைத் தானே படிக்க, மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, சீட்டுக் கணக்கைப் பிறர் சொல்ல நம்பாமல் தானே சரிபார்க்க அவருக்கு எழுத்து வேண்டும். செல்போன் இப்போது படித்துச் சொல்கிறதே என்பீர்கள். அது சொல்வது சரியா என்று யார் பார்ப்பது? தாய் தனக்காகப் படிப்பதைப் பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

எழுதத் தெரியாத தாயிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்றும் எண்ணவேண்டாம். விடுகதை அவரிடம் இருக்கிறது, பல்லாங்குழிக் கணக்கு இருக்கிறது, தாலாட்டு இருக்கிறது. படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தைத் தொடாமலே படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம். அந்தக் கதை புத்தகத்தில் உள்ளதைவிட நன்றாகவே இருக்கும், நான் கேட்டிருக்கிறேன்.

மேல்வகுப்பு மாணவியரே, உங்களில் யாராவது அம்மாவுக்குப் பதிலாக நீங்களே கையெழுத்துப் போட்டதுண்டா? கேட்கமாட்டேன், பயப்படாதீர்கள்! வங்கியில், ரேஷன் கடையில் அம்மாவுக்குப் படிவம் நிரப்பித் தருவது நீங்கள்தானே? அந்தக் கையால் வாரத்தில் இரண்டு மணி நேரம் எனக்கு உதவவேண்டும்.

நான் கேட்பது இதுதான். சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை நம் பள்ளியில் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் ஒரு வகுப்பு. பள்ளி சேராத குழந்தைகளையும் கூட்டிவரலாம். அவர்களை அடுத்த அறையில் பாட்டும் கதையுமாகப் பதினோராம் வகுப்பு மாணவியர் பார்த்துக்கொள்ளட்டும். கடைசி அரைமணி நேரம் தாயும் பிள்ளையும் ஒரே புத்தகத்தின் முன் உட்காரட்டும். பிள்ளை நம் பள்ளியில்தான் படிக்கவேண்டும் என்ற நிபந்தனை வேண்டாம். தந்தையர் வந்தாலும் தடையில்லை. அவர்கள் வீட்டிலிருந்து சோறு வடித்து வைத்தாலும் அது பேருதவிதான்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் சிலேட்டும் படப்புத்தகங்களும் வாங்கித் தந்தால் போதும். இடத்துக்குச் சகோதரி அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு பெஞ்சுகள் தாய்மாருக்கு உயரம் போதா. இறைவணக்கக் கூடத்துப் பாய்களை விரித்துக்கொள்ளலாம். இனி டைரியில் எழுதுவதாக இல்லை. முதல் அழைப்பைச் சொல்ல அந்தச் சிறுமியின் வீட்டுக்கு நானே போகிறேன்.