பெயர் துறந்தவரா, மறுக்கப்பட்டவரா?

கோயிற் சுவரில் உருவஞ் செதுக்கிய சிற்பி, தன் பெயரைத் துறந்தே இறைபணி ஆற்றினான் என்று போற்றுவோர் உளர். கல்வெட்டுகள் இக்கூற்றை மறுக்கின்றன. 1010இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலிலே குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் சாசனமும் தென்னகத்துச் சிற்பி கணேசுவராச்சாரியின் பெயரை மறைக்கவில்லை.

தலைவனுக்குப் பெயர் உண்டு. அவன்கீழ் உளி பிடித்தவனுக்கே இல்லை. தஞ்சை விமானத்தின் மேல்தளத்திலே நூற்றெட்டுக் கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பெற்றன. எஞ்சியவற்றுக்குரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அங்கே உளியை நிறுத்திய கை எவருடையது? அதனை அறிவார் இலர். ஆகவே பெயரின்மை துறவன்று, படிநிலையின் விளைவே.

இவ்வுண்மை கோயிலோடு முடிவதன்று. பட்டிப்பொலப் புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்திலுள்ளது. 1893இல் அப்புத்தளையை எட்டிய அப்பாதையின் வரலாற்றிலே ஆளுநரும் பொறியியலாளரும் பெயரோடு வாழ்கின்றனர். மலையைக் குடைந்தவர் தொகையாகவே எஞ்சினர். அவர்களையும் ‘தன்னலமற்றோர்’ என்று வாழ்த்திவிட்டு அமைதல் எளிது. ஆயின் மறுக்கப்பட்டதைத் துறக்கப்பட்டதாகக் காட்டும் புகழுரை, மறுத்தவனுக்கே அரணாகும். கலை வரலாறு கற்போர் அவ்வரணைக் காத்தல் தகுமோ?