சென்னையில் லைவ் மியூசிக் ஏன் ஸ்டார் ஹோட்டலை விட்டு வெளியே வருவதில்லை?

சனிக்கிழமை ராத்திரி சென்னையில் ஒரு பேண்ட் வாசிக்க, கையில் ஒரு காக்டெய்லோடு கேட்கணுமா? பெரும்பாலும் ஏதாவது ஒரு ஹோட்டல் லாபியைத் தாண்டித்தான் போகணும். காரணம் ரசனை இல்லை, லைசென்ஸ்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே பார் நடத்த கிளப்புகளுக்கு எஃப்.எல்.2, ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3 உரிமம். பெங்களூரு மாதிரி தெருமுனையில் தனியாக ஒரு பப் திறப்பது இங்கே கஷ்டம். பார் வேணும்னா, தங்கும் அறைகளோடு ஹோட்டலே நடத்தணும்!

அந்தச் செலவெல்லாம் கடைசியில் கிளாஸ் விலையில்தான் ஏறும். அவ்வளவு பணம் கொடுத்து வருகிறவரைக் கவர, ஹோட்டலும் எல்லாருக்கும் தெரிந்த ஹிட் பாட்டைத்தான் கேட்கும். சொந்தமாகப் பாட்டு எழுதும் பேண்டுக்குத் தேவை 50 பேர் உட்காரும் ஓர் இடம். அதுதான் கிடைப்பதில்லை.

இங்கிலாந்து, வேல்ஸில் இதே சிக்கலை 2012-ல் ஒரு சட்டம் தளர்த்தியது. மது உரிமம் உள்ள சின்ன பப்பில், 200 பேர் வரை கூடினால், காலை 8 முதல் இரவு 11 வரை ஸ்பீக்கர் வைத்துப் பாட தனி இசை அனுமதி தேவையில்லை. 2015-ல் அந்த எண்ணிக்கை 500 ஆனது.

அப்போ பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம்? சத்தம் எல்லை மீறினால் அவர் புகார் தரலாம். உரிமத்தை மறுபரிசீலனை செய்து, உள்ளாட்சி நிர்வாகம் அந்தச் சலுகையைத் திரும்பப் பெறலாம். சலுகை எல்லாருக்கும், தண்டனை தொல்லை தரும் இடத்துக்கு மட்டும்.