புலிகேசியின் மைதானமும் எங்கள் மேடானும்

தமிழ் மாணவர்களின் புலனக் குழுக்களில் 23ஆம் புலிகேசியின் முகம் வராத வாரமே இல்லை. இடுபணியைக் கடைசி இரவில் தொடங்குகிறவனுக்கும் வெற்றுப் பெருமை பேசுகிறவனுக்கும் அந்த முறுக்கு மீசைதான் பதில். சிம்புதேவன் இயக்கி, வடிவேலு இரட்டை வேடத்தில் நடித்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' 2006இல் வெளிவந்தது. நான் பிறந்த காலத்துப் படம். வரலாற்றுப் பின்னணியில் ஒரு கெட்ட மன்னனைக் கோமாளியாக்கிய தமிழ்ப் படைப்புகளில் இந்த அளவுக்கு இன்றும் உயிரோடு இருப்பது வேறு இல்லை என்பேன்.

அந்தச் சிரிப்பு நமக்கு நல்லது செய்கிறதா என்பதே என் கேள்வி. செய்கிறது என்பது என் கருத்து. ஆனால், அதற்கு நாம் பாதிப் படத்தை மறக்காமல் இருக்க வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உண்மையான இரண்டாம் புலிகேசி 7ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன். வடக்கே ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவன். பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தபோது வீழ்ந்தவன். அந்தப் பெரும் பெயரை 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரனிடம் பல்லிளிக்கும் ஒரு கற்பனைச் சிற்றரசனுக்குச் சூட்டியதே முதல் கேலி. வீரனின் கட்டுடலை வரையச் செய்து, அதன் மேல் தன் முகத்தைப் பொருத்திக்கொள்ளும் காட்சி நினைவிருக்கிறதா? வரலாறு முக்கியம் என்று அமைச்சரிடம் அவன் சொல்வது வெறும் நகைச்சுவை அல்ல. வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பாடநூலின் ஓர் அத்தியாயம் விளக்குவதைவிட அந்தக் காட்சி விரைவாக விளக்கிவிடுகிறது. அதிகாரத்தைப் பார்த்துப் பயப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான். சிரித்துவிட்டவன் கேட்பான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு நடிகரைச் சொல்ல வேண்டும். 1965 முதல் 1971 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சிறைமுகாம்தான் களம். முகாமின் தலைவன் கர்னல் கிளிங்க், தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு கைதிகளிடம் ஒவ்வொரு வாரமும் ஏமாறுகிறவன். அந்த வேடத்தில் நடித்த வெர்னர் கிளெம்பரர் யூதத் தந்தைக்குப் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் குடும்பம் ஜெர்மனியைவிட்டு ஓட வேண்டியிருந்தது. கிளிங்க் எந்தக் கதையிலும் வெற்றி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் அந்த வேடத்தை ஏற்றார். அதே தொடரில் பிரெஞ்சுக் கைதியாக நடித்த ராபர்ட் கிளேரி, உண்மையிலேயே புக்கென்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவர். அவர்களுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்திருக்காது. வில்லன் சிரிக்க வைக்கலாம், ஆனால் அவன் செய்வது சரி என்று ஒரு கணமும் தோன்றக்கூடாது. கிளெம்பரரின் நிபந்தனைக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

நம் புலிகேசிக்கு அப்படி ஒரு நிபந்தனையை நாம் விதிக்கவில்லை. மீசையையும் வசனத்தையும் எடுத்துக்கொண்டு, அவன் செய்ததை விட்டுவிட்டோம். அவன் திறந்துவைத்த சாதிச் சண்டை மைதானத்தை நினைத்துப் பாருங்கள். மக்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் துடிக்கிறார்கள். நல்ல மன்னன் தடுப்பான். புலிகேசியோ அதற்கென ஓர் இடமே கட்டிக் கொடுத்து, திறப்பு விழாவும் நடத்தி, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். மக்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருக்கும்வரை மன்னனை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. படத்திலேயே மிகக் கசப்பான காட்சி அதுதான். அதற்குத்தான் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

எனக்கு அந்தக் காட்சி கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் என் முகவரி. நான் வளர்ந்தது கம்போங் மேடானில். மலாய் மொழியில் 'மேடான்' என்றால் திடல், களம். நம் 'மைதானம்' என்ற சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் நெருங்கியது. 2001 மார்ச்சில் இந்த வட்டாரத்தில் இந்தியர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் இடையே நடந்த மோதலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். நெருக்கியடித்த குடியிருப்புகளும் வறுமையும் அதன் பின்னணியாகப் பேசப்பட்டன. இரு தரப்பிலும் வசதி இல்லாதவர்களே அந்தச் சந்துகளில் வாழ்ந்தார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால், ஒரே கடையில் காலை உணவு வாங்குகிற இரு குடும்பங்கள் எப்படி எதிரெதிரே நிற்க முடியும் என்ற கேள்வியோடுதான் இங்கே வளர்கிறோம். ஏழைகள் மோதிக்கொள்ளும் களத்தில் ஏழைக்கு வெற்றி கிடையாது. புலிகேசியின் மைதானம் சொல்வதும் அதைத்தான்.

"நகைச்சுவைக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நகைச்சுவை அவ்வளவு சின்ன விஷயம் என்றால், ஒரு தலைமுறை கடந்தும் அதே முகம் நம் கைப்பேசியில் எப்படி நிற்கிறது? படத்தில் உண்மையான ஆபத்து இராஜகுரு சங்கிலிமாயன். நாசர் நடித்த அந்தப் பாத்திரம் அதிகம் சிரிக்க வைப்பதில்லை. பொம்மை மன்னன் ஒருவன் வேண்டும் என்பதற்காகவே மக்குக் குழந்தையை அரியணைக்கு வளர்த்தவர் அவர். கோமாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்னால் நிற்பவரைப் பார்க்கத் தவறினால், சிம்புதேவன் சொன்ன கதையில் பாதிதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளுக்கும் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களில் நாடகம் போடும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மேடைகளில் சிரிப்பு மூட்ட வருகிற கெட்டவன் பெரும்பாலும் யார்? குடிகாரன், கறுத்தவன், தமிழைக் கொச்சையாகப் பேசுகிற வேற்றினத்தான். இவர்களில் எவனிடமும் அதிகாரம் இல்லை. கீழே இருப்பவனைக் கேலி செய்யத் துணிச்சல் தேவையில்லை. அடுத்த முறை எழுத உட்காரும்போது அரியணையில் இருப்பவனைக் கோமாளியாக்குங்கள். அவன் பின்னால் நிற்பவரையும் மேடைக்கு இழுத்து வாருங்கள். கடைசிவரை அவர்களை ஜெயிக்கவிடாதீர்கள்.