கேஸ்னா எல்லாம் ஒண்ணுதானே சார்?

கத்திரி வெயிலில் யாராவது விருத்தாசலம் போவார்களா? நான் போனேன். சித்தப்பா வீட்டில் இரண்டு நாள். மணிமுத்தாற்றில் மணல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாடி அறையில் பத்து வருஷத்து ஸ்பிளிட் ஏசி ஒன்று. காற்றை வஞ்சனையில்லாமல் தந்தது, குளிரைத்தான் தரவில்லை. கேஸ் போய்விட்டது என்று சித்தப்பா தீர்ப்பு சொல்லி, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

தம்பி மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் டூல்ஸ் பை. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு குட்டி சிலிண்டர். பஜ்ஜிக் கடையில் இருக்குமே, அந்த அஞ்சு கிலோ சமாசாரம்.

"இது எதுக்கு தம்பி?"

"ஏசிக்குத்தான் சார்."

"அடுப்பு கேஸையா போடப் போறீங்க?"

"கேஸ்னா எல்லாம் ஒண்ணுதானே சார்? கம்பெனிக்காரனே இப்ப இதத்தான் போடறான். ஆர்-22 ரேட்டு ஏறிப்போச்சு. இதுல கூலிங் சும்மா பிச்சிக்கும். கரன்ட் பில்லும் கம்மி."

எனக்கு வயிற்றைக் கலக்கியது அவருடைய அறியாமை இல்லை. அவர் சொன்னதில் முக்கால்வாசி நிஜம் என்பதுதான்.

ஆரம்ப கால ஃபிரிஜ்களில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு என்று ஒன்றுக்கொன்று சளைக்காத வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் ஆள் காலி. 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர், விஞ்ஞானிகள் நிறைந்த சபையில் ஒரு புது வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதிக் காட்டினார். மெழுகுவத்தி அணைந்தது, மிட்ஜ்லி சாகவில்லை. விஷமும் இல்லை, தீயும் பற்றாது. (பெட்ரோலில் ஈயத்தைக் கலந்த புண்ணியவானும் இவரேதான். அது தனிக் கதை.) அந்த வாயுவின் வம்சம்தான் நம் ஆர்-12, ஆர்-22 எல்லாம். வீட்டுக்குள் சாதுவாக இருந்த வம்சம், வானத்தில் போய் ஓசோனைத் தின்கிறது என்று 1974-ல் மொலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 1992-ல் சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஆர்-22 போட்ட புது ஏசி தயாரிக்கவே கூடாது. பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு மட்டும் அது இன்னும் கிடைக்கிறது.

அதன் இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று புரோப்பேன். ஆர்-290 என்று கௌரவமான பெயர். ஓசோனைத் தொடாது. பூமியைச் சூடாக்குவதில் ஆர்-22, கார்பன் டை ஆக்ஸைடைப் போல சுமார் 1,800 மடங்கு. புரோப்பேன் மூன்று மடங்கு, அவ்வளவுதான். கோத்ரெஜ் 2012-லேயே புரோப்பேன் ஏசியை இந்தியச் சந்தையில் இறக்கிவிட்டது. உங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜிலும் அதன் சித்தப்பா பிள்ளை ஐசோபியூட்டேன் இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்க லேபிளில் ஆர்-600ஏ என்று போட்டிருக்கும். பயப்படாதீர்கள். பெரும்பாலும் நூறு கிராமுக்கும் கீழேதான். ஆக, எனக்கு புரோப்பேனோடு எந்தத் தகராறும் இல்லை.

தகராறு எங்கே என்பதை மறுநாள் ஒரு பீங்கான் பட்டறைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். ஏசியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தின் வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஃப்யூஸ், இன்சுலேட்டர், ஜாடி, பொம்மை என்று சுட்டுத் தள்ளுகிறார்கள். நான் போனது கேஸில் எரியும் சூளை. சிலிண்டர்கள் எல்லாம் கொட்டகைக்கு வெளியே, வெட்டவெளியில். பெரியவர் ஹோஸ் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, முட்டை விடுகிறதா என்று குனிந்து பார்த்தார். சூளைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பொறுமையாக நின்றார். பிறகு பந்தத்தைக் கொளுத்தி பர்னர் வாயில் பிடித்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் வால்வைத் திறந்தார்.

"முதல்ல நெருப்பு, அப்புறம் கேஸ். மாத்திப் பண்ணா ஆளு இருக்க மாட்டான்" என்றார்.

மொபெட் தம்பி செய்யப்போனது அந்த மாத்திப் பண்ணுவதைத்தான். படுக்கையறையில் முதலில் கேஸ். நெருப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒன்றரை டன் ஏசியில் ஆர்-22 ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். அதற்குப் பதில் புரோப்பேன் என்றால் 400 கிராம் போதும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம்: 28 கன மீட்டர். காற்றில் இரண்டு சதவிகிதம் கலந்தாலே புரோப்பேன் பற்றத் தயார். அதாவது ஒரு கன மீட்டருக்கு 38 கிராம். ஃபேன் ஓடி, 400 கிராமும் அறை முழுக்கக் கலைந்துவிட்டால் ஆபத்தில்லை. ஆனால் இது காற்றைவிடக் கனமான வாயு. ஏசி நின்றிருக்கும்போது கசிந்தால் தரையோடு தேங்கும். 400 கிராம் தரையிலிருந்து மூன்றரை அடிக்கும் மேலே வரும். கட்டில் முழுகிவிட்டது. ஜன்னலோ, குளிர் போகக்கூடாதென்று இண்டு இடுக்கில்லாமல் சாத்தியாயிற்று. இனி கொசு பேட்டில் ஒரு 'படக்' போதும். இது வெறும் காகிதக் கணக்கு. தம்பி எடை மிஷின் கொண்டுவரவில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று ஆகும்வரை ஏற்றுவார்.

"சமையலறையில 14.2 கிலோ சிலிண்டர் இருக்கே, அதுக்குப் பயப்படறியா?" என்றார் சித்தப்பா. நல்ல கேள்வி. சமையலறை சிலிண்டருக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. ராத்திரி மூடுகிறோம். நாற்றம் வந்தால் சித்தி ஜன்னலைத் திறக்கிறாள், சுவிட்சைத் தொடாதே என்று கத்துகிறாள். படுக்கையறையில் தூங்குகிற மூக்கு அந்த வேலையைச் செய்யாது. அடுப்பு கேஸில் வாசனைக்காகவே மெர்காப்டன் கலக்கிறார்கள். ஏசிக்கென்று தயாராகும் புரோப்பேனில் அது கிடையாது. கம்பெனி செய்கிற புரோப்பேன் ஏசி இதையெல்லாம் யோசித்துச் செய்தது. அறையின் பரப்புக்கு இத்தனை கிராம்தான் என்று கணக்கு, பொறி பறக்கிற இடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு. ஆர்-22-க்கென்று செய்த பழைய மெஷினில் அதில் ஒன்றும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? அதில் எரியாத வாயு அல்லவா இருக்கும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் '22ஏ' என்று பெயர் சூட்டி புரோப்பேனை விற்றபோது, பழைய வீட்டு ஏசிகளில் இதை நிரப்பாதீர்கள் என்று 2013-ல் அவர்களுடைய சுற்றுச்சூழல் ஏஜென்சி எச்சரித்தது.

வெடிப்பைவிட எனக்குப் பெரிய பயம் லேபிள். தம்பி கேஸை மாற்றுவார், லேபிளை மாற்ற மாட்டார். அடுத்த வருஷம் வேறு மெக்கானிக் வருவான். ஆர்-22 என்று எழுதியிருப்பதை நம்பி, குழாயில் பற்றவைக்க டார்ச்சைக் கொளுத்துவான். அவனுக்கு வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும்.

இது கற்பனை பயம் இல்லை. 2008 ஏப்ரல் 5, நியூஸிலாந்தில் தமஹெரே என்ற இடம். ஒரு குளிர்பதனக் கிடங்கில் அலாரம் அடித்தது. தீயணைப்பு வீரர்கள் எட்டுப் பேர் போனார்கள். உள்ளே இருந்தது புரோப்பேன் வகை குளிர்வாயு என்பது அவர்களுக்குத் தெரியாது. வெடித்ததில் ஒருவர் இறந்தார், ஏழு பேருக்குக் காயம். 2011-ல் வியட்நாமில் சர்வீஸ் ஆன குளிர் கன்டெய்னர்களில் போலி ஆர்-134ஏ ஏற்றியிருந்தார்கள். அதில் பழைய வில்லன் மெத்தில் குளோரைடு. அலுமினியத்தோடு சேர்ந்து, காற்று பட்டாலே எரிகிற ஒரு பொருளாக மாறியிருந்தது. வியட்நாமிலும் பிரேசிலிலுமாக மூன்று பேர் செத்தார்கள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை ஒதுக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் ஊரில் 'ஏசி வெடிச்சிருச்சு' என்று ஒரு வார்த்தையோடு கோப்பை மூடிவிடுகிறோம். 2019 மே மாதம் திண்டிவனத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கருகி இறந்தபோது ஊரே, பேப்பர்களும் சேர்ந்து, ஏசி என்றுதான் நம்பியது. சில நாளில் போலீஸ், பெட்ரோல் வீசிய கொலை என்று சொல்லி மூத்த மகனையும் மருமகளையும் கைது செய்தது. ஏசி வெடித்தது என்றால் அதில் என்ன கேஸ், எத்தனை கிராம், யார் எப்போது ஏற்றியது என்று கேட்கிற வழக்கம் நமக்கு இருந்திருந்தால், அப்படியொரு கதை ஒரு நாள்கூட ஓடியிருக்காது.

வீட்டு சிலிண்டரை வேறு வேலைக்கு எடுப்பது 2000-ம் வருஷத்து எல்.பி.ஜி. ஆணைப்படி குற்றம்தான். அதைக் காட்டி தம்பியைப் பிடித்துக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கம்பெனிகள் கேஸை மாற்றிக்கொண்டன. அரசாங்கம் கையெழுத்து போட்டது. 2019-ல் வந்த மத்திய அரசின் குளிர்விப்புத் திட்டத்தில், 2022-23க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தார்கள். நம் தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்ற தொழில். மண்ணைச் சுடுவதற்கு இதே ஊரில் அரசு பாலிடெக்னிக் வைத்திருக்கிறார்கள். இவருக்கு ஒரு வாரம் சொல்லித் தர ஆளில்லை. நாமும் யோக்கியமில்லை. கம்பெனி சர்வீஸ் 3,000 கேட்டால், 1,200-க்கு முடிக்கிறவரைத் தேடிப் பிடித்து, அதிலும் இருநூறு குறைக்கிறோம். அந்த ஆயிரம் ரூபாய்க்கு என்ன கேஸ் வரும் என்று நினைத்தோம்?

தம்பி கேஸ் போடவில்லை. சித்தப்பாவுக்கு என் மேல் கோபம். "பத்து வருஷமா இந்தத் தெருவுக்கே அவன்தாண்டா போடறான், என்ன ஆச்சு?" என்று முனகிக்கொண்டே மொட்டை மாடியில் பாயை விரித்தார்.

தம்பிக்கு டீ கொடுத்து நான் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "இதுவரைக்கும் எத்தனை வீட்ல போட்டிருப்பீங்க?" என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

"அந்த கேஸை எடுத்துட்டு சரியானதப் போடற வரைக்கும், அங்கெல்லாம் போயி அவுட்டோர் யூனிட் மேல மார்க்கர்ல எழுதியாவது வைங்க. உள்ள அடுப்பு கேஸ் இருக்குன்னு."

"எழுதினா வீட்டுக்காரங்க கேப்பாங்களே சார்?"

"கேக்கட்டும் தம்பி."