குப்பைக்கும் கணக்கு வேண்டும்

குப்பையைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அது அவரவர் விருப்பம். ஆனால், ஒரு நகரத்தின் குப்பையை என்ன செய்வது என்ற முடிவு இன்று கணிப்பொறிக் கணக்கைக் கொண்டே எடுக்கப்படுகிறது. எவ்வளவு குப்பை சேரும், எவ்வளவு மக்கும், எரித்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும், காற்றிலும் நிலத்தடி நீரிலும் என்னென்ன கலக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். முறையில் குறையில்லை. அதில் இடும் எண்கள் எந்த ஊர்க் குப்பையை நிறுத்து எடுத்தவை என்பதே என் கேள்வி.

தில்லியில் நடந்ததைப் பாருங்கள். நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பதற்காக, டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு 1987-இல் திமார்ப்பூரில் ஓர் உலை நிறுவினார்கள். சில வாரங்களிலேயே அது நின்றுபோயிற்று. எதிர்பார்த்த வெப்பத்தில் ஏறத்தாழப் பாதிதான் அந்தக் குப்பையில் இருந்தது. இதில் வியப்பென்ன? நம் வீட்டுக் குப்பை என்பது காய்கறித் தோலும், எச்சில் இலையும், மிஞ்சிய சோறும், பெருக்கிய மண்ணுமன்றோ! எரியக்கூடிய காகிதத்தைப் பழைய பேப்பர்க்காரர் வாசலிலேயே எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் விட்டதைச் சாக்குப்பையோடு வருபவர் பொறுக்கிவிடுகிறார். உலையைத் திட்டமிட்டவர்கள் அந்தச் சாக்குப்பைக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மக்கும் குப்பையின் கதையும் இதுவே. மேட்டின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் அது மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. உணவுக் கழிவில் பாதி சிதைய ஈரமான குளிர்நாடுகளில் சுமார் 4 ஆண்டுகள் ஆகும் என்றும், மழை மிகுந்த வெப்ப நாடுகளில் 2 ஆண்டுகள்கூட ஆகாது என்றும் ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் கணக்கு கூறுகிறது. மேட்டை மூடிய பிறகு குழாய் பதித்து வாயுவைப் பிடிக்கலாம் என்று நம் ஊரில் காத்திருந்தால், பெரும்பகுதி அதற்குள் பறந்துபோயிருக்கும். சென்னையில் பெருங்குடிக் குப்பைமேடு வளர்ந்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அங்கே மழைநீரோடு கசிந்து இறங்குவதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. பிரித்தால் மட்டும் போதாது, நிறுக்கவும் வேண்டும். நம் கல்லூரி விடுதியிலேயே தொடங்கலாம். வேதியியல் மாணவர்கள் ஈரத்தை அளக்கட்டும், பொருளியல் மாணவர்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதைக் குறிக்கட்டும். தேவைப்படுவது ஒரு தராசும் ஒரு தார்ப்பாயும். கோடையில் ஒரு மாதமும் ஐப்பசி மழையில் ஒரு மாதமும் தனித்தனியே எடுக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இரா.